மாட்டுத் தரகர் பச்சமுத்துவின் கடவாய்ப் பல்

ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்தில் மாடு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் பச்சமுத்துவைத் தெரியும் என்பார்கள். சிலர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். அவர் முடித்துக் கொடுத்த மாடு வண்டியில் பூட்டிய பிறகு எப்படி நடந்துகொண்டது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

அறுபதை நெருங்கும் வயது. வற்றிய உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் எப்போதும் ஒரு துண்டு. ஒரு கையால் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மறு கையால் கீழுதட்டை மடக்கிப் பார்த்தால் போதும். பால் பல் விழுந்ததா, ரெண்டு பல்லா நாலு பல்லா, எல்லாப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்ததா, இனி எத்தனை வருஷம் ஏர் இழுக்கும் என்று எல்லாம் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்றால், தனக்குத்தானே. வாங்க வந்தவரிடம் பேச்சு வேறு. பச்சமுத்து பொய் சொல்லமாட்டார். உண்மையின் நல்ல பக்கத்தை மட்டும் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டுவார். பல் தேய்ந்த மாடு அவர் வாயில் ‘நல்லா தீனி தின்ற மாடு’. அடியெடுத்து வைக்கவே யோசிக்கும் மாடு ‘நிதானமான மாடு’. முட்ட வருவது ‘ரோஷமுள்ளது’.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு ஏமாற்றத்தால்தான். இளவட்டமாக இருந்தபோது மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு கரும்புக்காரரிடம் பண்ணைவேலை பார்த்தார். அந்த முதலாளி சந்தையில் ஒரு காளையைப் பெருமையாகப் பிடித்துவந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதற்கு வைக்கோலை மெல்லவே பல் இல்லை. அதற்குத் தினமும் கூழ் கரைத்து ஊற்றும் வேலை பச்சமுத்து தலையில் விழுந்தது. காளை சாகும்வரை ஊற்றினார். அன்றுமுதல் எந்த மாட்டைக் கண்டாலும் முதலில் வாயைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அதுவே பிற்பாடு பிழைப்பானது.

இப்படி ஊரான் வீட்டு மாட்டின் வாயையெல்லாம் பார்த்தவர், தன் வாயை ஒரு நாளும் கண்ணாடியில் பார்த்தது கிடையாது.

போன தை மாதத்தில் ஒரு காலை, பானைத் தண்ணீரைக் குடித்தபோது வலப்பக்கத்துக் கீழ்க் கடவாயில் சுரீரென்றது. பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். பிறகு டீ குடித்தாலும் சுரீரென்றது. வெற்றிலைக்குப் பாக்கைக் கடித்தால் உச்சந்தலைவரை ஏறியது. கிராம்பை நசுக்கி வைத்தார். புகையிலையை அடக்கிப் பார்த்தார். மருந்துக் கடையில் போய்ப் பல்லைக் காட்டாமலே ‘பல்வலி மாத்திரை’ வாங்கி விழுங்கினார்.

அவர் மனைவி தைலம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கள்ளக்குறிச்சியில பல்லு டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். ஒரு நடை போயிட்டுத்தான் வாங்களேன்.”

“பல்லுக்கு ஒரு டாக்டரா? மாட்டுக்கு எங்கனா பல்லு டாக்டரு பாத்திருக்கிறியா? அதுங்க வைக்கோலு தின்னுக்கினுதான இருக்குது.”

“மாடு வெத்தல போட்டுக்கினு இருக்கல.”

பச்சமுத்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வலி ஒரு வாரம் ஆளைப் புரட்டி எடுத்தது. பிறகு ஒரு விடியற்காலையில் எழுந்தால், வலியைக் காணவில்லை. நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். பானைத் தண்ணீரை வேண்டுமென்றே அந்தப் பக்கம் ஒதுக்கிக் கொப்பளித்தார். ஒன்றும் இல்லை. கிராம்புதான் வென்றது என்று முடிவு கட்டி, அடுத்த சந்தையில் நாலு பேருக்கு அந்த வைத்தியத்தைச் சொல்லியும் கொடுத்தார்.

ஆனி மாதம் ஒரு சந்தை நாளில் கன்னம் வீங்கியது. காலையில் லேசாகத் தடித்திருந்தது, உச்சிவேளைக்குள் கண்ணுக்குக் கீழேவரை ஏறிவிட்டது. சந்தையில் அவருக்குப் போட்டியான தரகன் முனியன், வயதில் இளையவன், மாமா மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே பேரத்தைத் தட்டிக்கொண்டு போகிறவன், அவரை இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்தான்.

“இன்னா மாமா, வூட்டுல ஒரு பக்கம்தான் தீனி வச்சாங்களா?”

“கம்முனு இருடா.”

“டாக்டராண்ட மட்டும் போயிடாத மாமா. பல்லுல கை வச்சா கண்ணு பூடும். எங்க பெரியப்பனுக்கு அப்படித்தான் பூட்ச்சி.”

பச்சமுத்துவுக்குக் கண் முக்கியம். கண் போனால் மாட்டின் பல்லை எதைக்கொண்டு பார்ப்பது? ஆனால் அன்று சோற்றுக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. மறுநாள் காலை தைலம்மாள் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனாள்.

பஸ் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது டாக்டர் தமிழ்மொழியின் பல் மருத்துவமனை. டாக்டருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முன்னறையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த இலக்கியா என்ற பெண், “சாப்ட்டீங்களா?” என்று கேட்டாள்.

“பச்சத் தண்ணி கூடக் குடிக்கலம்மா. வெறும் வயிறு” என்றார் பச்சமுத்து பெருமையாக. ஆஸ்பத்திரி என்றால் வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்பது அவர் கணக்கு.

“பல்லுக்கு ஊசி போடறதுன்னா சாப்ட்டுட்டுதான் வரணும். மயக்கம் வந்துடும். கீழ போயி ரெண்டு இட்லி சாப்ட்டு வாங்க.”

வாயைத் திறக்க முடியாத மனிதர் இரண்டு இட்லியைத் தண்ணீராகக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தார்.

டாக்டர் முதலில் கேட்டது பல்லைப் பற்றி இல்லை. “சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா ஐயா? வேற மாத்திரை எதுனா சாப்பிடறீங்களா?”

“ஒண்ணியும் கெடையாதும்மா. கல்லு மாதிரி உடம்பு” என்றார் பச்சமுத்து. விற்கிற மாட்டின் குறையைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

பின்னாலிருந்து தைலம்மாள், “சுகருக்கு நாலு வருஷமா மாத்திரை போட்டுக்கினு இருக்காரு. போன மாசம் அதையும் நிறுத்திட்டாரு. ஒரு நாளைக்குப் பத்து பதினஞ்சு வாட்டி வெத்தல. பிரஷரு இருக்குதா இல்லியான்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்றாள்.

பச்சமுத்து திரும்பி மனைவியைப் பார்த்தார். பேரத்துக்கு நடுவில் வந்து மாட்டுக்கு இழுப்பு நோய் என்று சொல்லிவிட்டுப் போகிறவனைப் பார்க்கிற பார்வை அது.

டாக்டர் இரண்டையும் பரிசோதித்துவிட்டு, “சுகர் கொஞ்சம் ஜாஸ்தியாதான் இருக்கு. இதச் சொல்லலன்னா புண்ணு ஆறாது. பல்லு டாக்டர்தானேன்னு மறைக்கக் கூடாது” என்றார். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னார்.

பச்சமுத்துவின் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவர் கீழுதட்டை மடக்கிப் பார்த்தார். டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், ‘உச்’ கொட்டினார், இலக்கியாவிடம் ஏதோ எண்களைச் சொன்னார். பச்சமுத்துவுக்கு உள்ளுக்குள் கூசியது. இத்தனை வருஷமாக மாடுகள் எதற்காகத் தலையை ஆட்டிக்கொண்டு பின்வாங்கின என்று அவருக்கு அன்று விளங்கியது.

வாயிலிருந்து கையை எடுத்ததும், “பல்ல வச்சி என் வயசச் சொல்லும்மா பாப்பம்” என்றார், இழந்த மானத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ளும் எண்ணத்தில்.

“ஒரு எழுபது இருக்குமா?”

தைலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த அடி பல்வலியைவிடப் பெரிதாக இருந்தது.

எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார்கள். பச்சமுத்து தொழில்முறையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவர் பார்த்த பல்லெல்லாம் ஈறுக்கு மேலே நிற்பவை. கீழே இரண்டு கால்கள் நீண்டிருப்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

“பல்லுக்குக் காலு இருக்குதா?”

“அதுதான் வேர். ஒவ்வொரு வேருக்குள்ளயும் மெல்லிசா ஒரு குழாய் இருக்கும், அதுல நரம்பு ஓடும். உங்க பல்லு உள்ள சொத்தையாகி அந்த நரம்பு செத்துப் போச்சு. வேர் நுனியில கருப்பா ஒரு நிழல் தெரியுதுல்ல? அதுதான் சீழ்.”

“நடுவுல வலி சுத்தமா நின்னுச்சேம்மா. கிராம்பு வச்சி சரி பண்ணன்.”

“வலி சரியாகி நிக்கல ஐயா. வலிய சொல்றதுக்கு உள்ள ஆள் இல்லாம நின்னுச்சு. அப்பவே வந்திருந்தா இவ்ளோ வீங்கியிருக்காது.”

“அப்போ புடுங்கிப் போட்டுடுங்க. செத்தத வச்சிக்கினு இன்னா பண்றது?”

“நரம்புதான் போச்சு. பல்லு இன்னும் கெட்டியா நிக்குது. உள்ள இருக்கற அழுகல எடுத்து, குழாய சுத்தம் பண்ணி, அடைச்சு, மேல தொப்பி மாதிரி ஒரு கேப் போட்டா ரொம்ப வருஷம் வரும். புடுங்கிட்டா பக்கத்துப் பல்லெல்லாம் அந்தச் சந்துல சாய ஆரம்பிக்கும், அந்தப் பக்கம் மெல்ல முடியாது. வேர் சிகிச்சைன்னு பேரு.”

பச்சமுத்துவுக்குச் சந்தேகம் தட்டியது. ‘இன்னும் ரொம்ப வருஷம் வரும்’ என்பது அவரே ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அவருடைய கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று. சந்தையில் இரண்டு பேர் துண்டுக்கடியில் கையைவிட்டு, ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது. எதிரில் இருந்தது டாக்டரம்மா என்பது நினைவுக்கு வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாடு நொண்டுதுன்னு யாராவது கொண்டாந்தா லாடம் அடிக்கச் சொல்லுவீங்களா, கால வெட்டச் சொல்லுவீங்களா?” என்றார் டாக்டர்.

“லாடம்தான். அதுக்கும் சரிப்படலன்னா வித்துடச் சொல்லுவன்.”

“பல்ல விக்க முடியாது ஐயா.”

அதோடு பேரம் முடிந்தது. கண் விஷயத்தை மட்டும் மறக்காமல் கேட்டார். முனியனின் பெரியப்பாவுக்கு வயது என்ன என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். எண்பதுக்கு மேல் என்றார் பச்சமுத்து. “அது கண்புரை. பல்லு வேற, கண்ணு வேற” என்று சொல்லிவிட்டு டாக்டர் ஊசியை எடுத்தார்.

“மரத்துப்போற ஊசி. அப்பறம் எங்கயாவது வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திடறேன். வாய மட்டும் மூடிடாதீங்க.”

பச்சமுத்து இடது கையைத் தூக்கினார்.

“இன்னும் ஒண்ணுமே பண்ணலையே.”

“தூக்கினா நிக்கிறீங்களான்னு பாத்தன்” என்றார்.

ஊசி எறும்பு கடித்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு உதடு, நாக்கின் பாதி, தாடை எல்லாம் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டன. டாக்டர் அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு ரப்பர்த் துணியை வாய்க்கு மேல் போர்த்தினார். எச்சில் உள்ளே போகாமலும், மருந்து தொண்டைக்குள் இறங்காமலும் இருக்க அது என்றார்கள். துணியைப் போர்த்தி விரலால் வேலை பார்ப்பதைக் கண்டதும், இதுவும் நம் சந்தை மாதிரிதான் என்று பச்சமுத்துவுக்கு ஒரு தெம்பு வந்தது. மெல்லிய ஊசிபோன்ற அரத்தை விட்டு விட்டு எடுத்தார்கள். சீழ் வழிய வழிய, கன்னத்தில் இருந்த பாரம் இறங்கியது. ஊரெல்லாம் பயமுறுத்திய வேர் சிகிச்சையில் அவர் பாதியிலேயே தூங்கிப்போனார். குறட்டை வந்ததும் இலக்கியாதான் தோளைத் தட்டினாள்.

முடிந்தபின் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “இப்போ வச்சிருக்கறது தற்காலிக அடைப்புதான். வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. அடுத்த வாரம் வரணும், அதுக்கப்பறம் ஒரு தடவ, கடைசியா கேப். வலி இல்லன்னாலும் வரணும். மாத்திரைய பாதியில நிறுத்தாதீங்க. ரெண்டு மூணு நாள் கடிச்சா லேசா வலிக்கலாம், பயப்படாதீங்க. மரத்தது தெளியற வரைக்கும் எதுவும் மெல்லாதீங்க, சூடா குடிக்காதீங்க.”

“சரிம்மா சரிம்மா” என்றார் பச்சமுத்து. அது ‘ஹரிம்ஹா’ என்று வந்தது.

அன்று ஒரு பேரம் காத்திருந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் இருந்து பூமாலை என்ற விவசாயி ஒரு ஜோடிக் காளையை ரிஷிவந்தியத்தில் இறக்கியிருந்தார். வாங்க வந்தவர் மணலூர்பேட்டை தங்கமணி. நெல்லும் கரும்புமாகப் பெரிய வெள்ளாமை. பச்சமுத்து மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே அங்கே போனார்.

மாடு நல்ல மாடு. வழக்கமாக அவர் மாட்டைச் சுற்றி நின்று அரைமணி நேரம் பேசுவார். வாயைத் திறந்து, “பல்லப் பாருங்க” என்று ஆரம்பித்தார். “ஃபல்ல ஃபாஹுங்க” என்று காற்றாக வந்தது. கூடவே கடைவாயில் எச்சில் ஒழுகியது. வாயை மூடிக்கொண்டார். துண்டால் துடைத்தார். மாட்டின் உதட்டை மடக்கிக் காட்டிவிட்டுச் சும்மா நின்றார்.

தங்கமணி காத்திருந்தார். பச்சமுத்து பேசுவார், தான் அதில் பாதியைத் தள்ளுபடி செய்யலாம் என்று வந்தவர் அவர். பேச்சே வராததால் எதைத் தள்ளுவது என்று தெரியவில்லை. பூமாலையிடம் தாழ்ந்த குரலில், “இவரு வாயே தொறக்கல பாத்தியா? வாயத் தொறக்காத அளவுக்கு மாடு சுத்தம்போல இருக்குது” என்றார். துண்டுக்கடியில் விரல் பிடித்து ஐந்து நிமிஷத்தில் பேரம் முடிந்துபோனது. தன் தொழிலில் பேச்சுக்கு என்ன மதிப்பு என்பது பற்றிப் பச்சமுத்துவுக்கு அன்று ஒரு வருத்தமே வந்தது.

வருத்தத்தில் டாக்டர் சொன்னதை மறந்து டீக்கடையில் போண்டா வாங்கித் தின்றார். போண்டா கெட்டியாக இருக்கிறதே என்று நினைத்து நன்றாகக் கடித்தார். டீக்கடைக்காரர்தான், “அண்ணே, வாயில ரத்தம்” என்றார். கெட்டியாக இருந்தது அவருடைய சொந்தக் கன்னம். மரப்பு தெளிந்த பிறகு பல் வலிக்கவில்லை. கன்னம் நாலு நாள் வலித்தது.

வீக்கம் வடிந்தது. மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்தினார். வாரம் முடிந்ததும் இலக்கியா போன் செய்து, “நாளைக்கு வரணும் ஐயா” என்றாள். “மலையில இருக்கேம்மா, சிக்னலு இல்ல” என்று ரிஷிவந்தியம் கடைத்தெருவில் நின்றுகொண்டு சொன்னார். சிக்னல் இல்லாமல் எப்படிப் பேசுகிறார் என்று அந்தப் பெண் கேட்காதது அவள் நல்ல குணம்.

“போயிட்டு வாங்களேன்” என்றாள் தைலம்மாள்.

“வலிக்கல. வீங்கல. எதுக்குப் போவணும்? தொழிலு தெரியாதவளா நீ? ஒரு தடவ வந்தவன மறுபடி வரவைக்கிறதுதான் யாவாரம்.”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சந்தையில் கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டினார். “ஒரே நாளு. வேர சுத்தம் பண்ணி அடச்சிட்டாங்க. மறுபடி வான்னு சொல்லுவாங்க, அதெல்லாம் சும்மா” என்றார். தங்கமணிக்குப் பல்வலி என்று தெரிந்ததும் அவரைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவைத்ததும் பச்சமுத்துதான். முதல் தடவையோடு போதும் என்று சொல்லி நிறுத்தியதும் அவர்தான். முனியன்கூட, கண்ணைப் பற்றிய பயத்தை விட்டு, ஒரு நாள் போய்விட்டு வந்தான்.

புரட்டாசி பிறக்குமுன் பூமாலையிடமிருந்து ஆள் வந்தது. இன்னொரு காளை இருக்கிறது, வந்து பார்த்து விலைக்கு விடவேண்டும் என்று. பச்சமுத்து மலைக்குப் போனார். பூமாலைக்கு முந்தைய பேரத்தில் மனம் குளிர்ந்திருந்தது. சாமைச் சோறு பொங்கி, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். பச்சமுத்து ஒரு தொடையெலும்பை வலப்பக்கம் ஒதுக்கி, கறகறவென்று கடித்தார். எலும்பு உடைந்தது என்று நினைத்தார். துப்பிப் பார்த்தால், பாதி எலும்பு, பாதி அவருடைய கடவாய்ப் பல். அடைப்பும் அதோடு வந்துவிட்டது.

“இன்னாங்க, உப்பு கம்மியா?” என்றார் பூமாலையின் மனைவி, அவர் முகம் போன போக்கைப் பார்த்து.

சாயங்காலத்துக்குள் கன்னம் மறுபடி புடைத்தது. காளையைக் கீழே கொண்டுபோக ஒரு குட்டி யானை வண்டி ஏற்பாடாகியிருந்தது. முன்னால் டிரைவர், பூமாலை, அவர் தம்பி என்று இடம் நிரம்பிவிட்டது. ஆகவே பச்சமுத்து பின்னால் காளையோடு ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் காளை அவர்மீது சாய்ந்தது, அவர் காளைமீது சாய்ந்தார். பாதி வழியில் அது அவருடைய வீங்கிய கன்னத்தைப் பரிவோடு நக்கிவிட்டது. மாட்டின் நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும். கண்ணில் நீர் முட்ட, அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

வண்டி துணிக்கடை வாசலில் நின்றது. காளையை மின்கம்பத்தில் கட்டிவிட்டுப் பச்சமுத்து மாடி ஏறினார். பட்டுப்புடவை எடுக்க வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் தமிழ்மொழி வாயைத் திறந்து பார்த்தார். உச் கொட்டவில்லை. அதுதான் பச்சமுத்துவுக்குப் பயமாக இருந்தது.

“நரம்பு எடுத்த பல்லு வலிக்காது. ஆனா பலம் கம்மி. சீக்கிரம் ஒடையும். அதுக்குதான் கேப் போடச் சொல்றது. தற்காலிக அடைப்ப நம்பி மாசக்கணக்குல விட்டா ஒடையும், ஓரத்துல எச்சில் உள்ள போயி மறுபடி சீழ் பிடிக்கும். வான்னு கூப்ட்டது எனக்காக இல்ல.”

“தப்புதாம்மா.”

“உங்க பேரச் சொல்லி மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர் கூட ரெண்டாவது தடவ வரல. கேட்டா, பச்சமுத்து ஐயா ஒரு நாள் போதும்னு சொன்னாருன்னு சொல்றாங்க. நான் அஞ்சு வருஷம் படிச்சு வந்தேன். நீங்க ஒரு போண்டா தின்னுட்டு வைத்தியம் சொல்லிட்டீங்க.”

போண்டா விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து, தைலம்மாளை நினைத்துக்கொண்டார்.

நல்லவேளையாக உடைசல் ஈறுக்கு மேலேயே நின்றிருந்தது. “இன்னும் கொஞ்சம் கீழ போயிருந்தா புடுங்கறதத் தவிர வழியே இல்ல” என்றார் டாக்டர். மறுபடி மரப்பு ஊசி, ரப்பர்த் துணி, சீழ், மாத்திரை. இந்தத் தடவை பச்சமுத்து தூங்கவில்லை. மாத்திரையைக் கடைசி ஒன்றுவரை விழுங்கினார். சொன்ன நாளுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தார். வேர்க்குழாய்களை நிரந்தரமாக அடைத்தார்கள். உடைந்த மேல்பகுதியைக் கட்டினார்கள். சுற்றிலும் செதுக்கி அளவு எடுத்தார்கள்.

கேப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தகராறு வந்தது. டாக்டர் வெள்ளையிலிருந்து மஞ்சள்வரை வரிசையாக இருந்த மாதிரிப் பற்களை அவர் பல்லுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். பச்சமுத்து முதலில் இருந்த வெள்ளையைக் காட்டினார். “ரெண்டு பல்லு போட்ட கன்னுக்குட்டி மாதிரி இருக்கணும்மா.”

“பக்கத்துல இருக்கற பல்லெல்லாம் வெத்தலக் கறை. இது மட்டும் டியூப் லைட் மாதிரி தெரியும்.”

யோசித்தார். வாயைத் திறந்து பார்க்கிற எவனும் மாற்றுப் பல் எது என்று கண்டுபிடிக்கக் கூடாது. அதுதான் நல்ல வேலை என்று தொழில்காரருக்குப் பட்டது. “அப்போ கடைசியில இருக்கறதே போடுங்க” என்றார். வரிசையிலேயே அதிக மஞ்சள் அதுதான். அதைவிட மஞ்சளாக எதுவும் வரவில்லையா என்றும் இலக்கியாவைக் கேட்டார்.

கேப் தயாராகி வருவதற்குள், தன் பேச்சைக் கேட்டுப் பாதியில் நின்ற மூன்று பேரையும் டாக்டரிடம் திருப்பி அனுப்பும் வேலை அவருக்கு இருந்தது. முதலில் டீக்கடைக்காரரைப் பிடித்தார், தங்கமணி, முனியன் தவிர டாக்டரிடம் போன மூன்றாவது ஆள் அவர்தான். அவர் மறுபேச்சில்லாமல் வந்தார். முனியன்தான் நம்பவில்லை.

“அன்னிக்கு ஒரு நாளு போதும்னு நீதான சொன்ன? இன்னிக்கு வான்னு இழுக்கற. எத்தினி வாங்கற மாமா டாக்டராண்ட?”

அவனிடம் எந்தப் பேச்சும் எடுபடாது என்று பச்சமுத்துவுக்குத் தெரியும். வாயைத் திறந்து, கேப்புக்காகச் செதுக்கி வைத்திருந்த அந்தக் குச்சிப் பல்லைக் காட்டினார். முனியன் பழக்கதோஷத்தில் அவர் உதட்டை விரலால் மடக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். பார்த்தவன் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். மறுநாள் கள்ளக்குறிச்சி ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் அவன்தான் முதலில் இடம் பிடித்திருந்தான்.

தங்கமணி வீட்டுக்குப் போனபோது நிலைமை வேறாக இருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முந்தின வாரமே வலி தாங்காமல் தானாகவே டாக்டரிடம் போயிருக்கிறார். பல் நீளவாக்கில் வேர்வரை பிளந்திருந்தது. பிடுங்கிவிட்டார்கள்.

பச்சமுத்து வாசற்படியிலேயே நின்றார். தங்கமணி எழுந்து உட்கார்ந்தார்.

“மாட்டுல உன்ன நம்புனேன், மாடு நல்லாதான் இருக்குது. பல்லுல நம்புனேன், பூட்ச்சி. இனிமே மாட்டோட நிறுத்திக்க பச்சமுத்து.”

“நிறுத்திக்கிறேங்க” என்றார். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. இந்தத் தடவை வாய் மரத்திருக்கவில்லை. தங்கமணியின் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிக்கும்போது, ஏச்சாவது கொஞ்சம் பலமாக வாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தீபாவளிக்கு முன்னால் கேப் போட்டாயிற்று. கடித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். உயரமாக இருப்பதாகச் சொன்னதும் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்தார். “இதுக்கு மேல பயமில்லாம அந்தப் பக்கம் மெல்லலாம். ஆனா ரெண்டு வேளை தேய்க்கணும், வெத்தலய குறைக்கணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ காட்டணும். கேப் சொத்தையாகாது, அதுக்கடியில இருக்கற பல்லு ஆகும்” என்றார்.

மெல்லலாம் என்று அவர் சொல்லியும் பச்சமுத்து மெல்லவில்லை. சோறு, தோசை, பலகாரம் எல்லாம் இடப்பக்கம்தான். வலப்பக்கத்தில் ஒரு விருந்தாளி வந்து தங்கியிருப்பதுபோல மரியாதையாக ஒதுங்கிப்போனார். தைலம்மாள் கேட்டதற்கு, “புதுசா வாங்குன மாட்ட அன்னிக்கே யாரும் ஏருல பூட்ட மாட்டாங்க” என்றார். வெற்றிலை பாதியாகக் குறைந்தது. பாக்கைப் போடுவதே நின்றுபோனது.

மார்கழியில் ஒரு நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் நிலையத்தில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்று வாங்கி மடியில் வைத்திருந்தாள் தைலம்மாள். அவள் கடலைத் தோலை உரித்து உரித்துக் கொடுக்க, ஜன்னலுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைப் பார்த்தபடி பச்சமுத்து வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒரு கறவை மாடு வேலியோரம் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் அசைபோடுகிறது என்று கவனித்தவர், சட்டென்று தன் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னாங்க, வலிக்கிதா?”

“இல்ல” என்றார். வலப்பக்கத்தில்தான் மென்றுகொண்டிருந்தார். எப்போதிருந்து என்று தெரியவில்லை. பொட்டலம் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. “மீதியையும் உரி” என்று கையை நீட்டினார்.